ஒன்றும் நடக்காத வழக்கு

நன்னடத்தை உத்தியோகத்தர் (பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளைகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிற அரச அலுவலர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிகள் "உங்க சேவைக் காலத்துல மறக்க முடியாத வழக்கு ஒன்ன முழுசா எழுதித் தாங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்த மாதிரி வழக்கை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் வந்தது, பெரிய இடத்தோடு சம்பந்தப்பட்டது, கேட்டால் நெஞ்சு பதறுவது. அப்படியும் சில வழக்குகள் பார்த்திருக்கிறேன், அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுத்திருப்பது யாரும் சாகாத, யாரும் சிறைக்குப் போகாத, எங்கேயும் ஒரு வரிகூட வராத வழக்கு. மூன்று பிள்ளைகள் ஹோமுக்கும், அதாவது சிறுவர் இல்லத்துக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் "போகவில்லை"க்குப் பின்னால் வருடக்கணக்கான வேலை கிடக்கிறது, அதில் முக்கால்வாசி கடதாசி வேலை. மலைநாட்டில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: வயதை நிரூபிக்க ஒரு பத்திரம், பிள்ளையோடு இருக்க ஒரு பெரிய ஆளுக்கு உரிமையான ஒரு காம்பிரா, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை. ஆலோசனையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், அப்புறம் ஆட்டோ பிடித்து, மழை நாளில் மிச்சத்தை நடந்து போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். பிள்ளைகளை மூத்தவள், நடுவிலான், சின்னவள் என்றே எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். காலம் 2013ஐ ஒட்டியது. சட்டங்களும் அந்தக் காலத்துச் சட்டங்கள்தான், இப்போது மாறியிருப்பதை அங்கங்கே சொல்கிறேன்.

தகவல் வந்த வழி

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கவில்லை. பொலிசுக்கும் யாரும் போகவில்லை. வேறொரு பிள்ளை விஷயமாக அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) வேலை செய்த அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கடைசி லயத்துச் சின்னப் புள்ளய கூட்டிட்டுப் போக அக்காகாரிதான் மிஸ் வாறா. பன்னெண்டு மணிக்கே வந்துர்றா." பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. டவுன் பாடசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்தால் மூன்று மணியாவது ஆகும். பன்னிரண்டு மணிக்கு ஒரு எட்டாம் ஆண்டுப் பிள்ளை தோட்டத்தில் நிற்கிறாள் என்றால் அவள் பாடசாலைக்குப் போகவில்லை என்று கணக்குப் போட்டது அந்த அக்கா. எங்கள் திணைக்களப் படிவத்தில் "தகவல் மூலம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எழுதுவது என்று யோசித்து "தோட்ட மட்டத் தகவல்" என்று போட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒரு தோட்டத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒப்பீசுக்குப் போகமுன் பிள்ளை மடுவத்துக்குப் போங்கள்.

அன்றைக்கே கடைசி லயத்துக்குப் போனேன். மூத்தவள் பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. உள்ளே கட்டிலுக்குக் கீழே புத்தம் புதிய பயணப் பை ஒன்று. யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். "அது அந்த அக்காகிட்ட இருக்கு மிஸ். ஐடி எடுக்கணும்னு வாங்கிட்டுப் போனாங்க." அப்போது அடையாள அட்டை 16 வயதில்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் ஐடி எடுப்பார்கள்? பையைவிட எனக்குப் பயம் தந்தது இந்தப் பதில்தான்.

2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்கள் கால்வாயில் கிடந்த செய்தி அப்போது பழசாகவில்லை, அந்த லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும் அனுப்புகிறார்களே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். சான்றிதழை வாங்கிப் போன அந்த "அக்கா" பிள்ளைகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிற தரகர். தரகர் பெண்ணும் அந்தச் செய்தியை மறைக்கவில்லை, அதையே சொல்லித்தான் ஆள் பிடித்தார். கண்ட ஆளோடு போனால் அப்படித்தான் ஆகும், நான் அனுப்புகிற வீடு எனக்குப் பழக்கமான நல்ல வீடு என்று. தீபாவளிக்குச் சில கிழமை இருக்கும்போது, கடன்காரர்கள் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து இந்தப் பேச்சு வரும்.

குடும்பம்

தாய் குவைத்தில். போகும்போது சின்னவளுக்கு இரண்டு வயதுகூட இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்ற குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறை 2013இல்தான் வந்தது, இவர் அதற்கு முன்பே போய்விட்டார். (அந்த அறிக்கையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தாய் போகலாமா என்று பல பேர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது, தகப்பன் எங்கே போகிறான், என்ன குடிக்கிறான் என்று கேட்க ஒரு கட்டமும் இருக்கவில்லை. தடுத்த பிறகு பல பெண்கள் பிள்ளையின் வயதை மாற்றிக்கொண்டுதான் போனார்கள்.) முதல் வருடம் காசு வந்தது. பிறகு வீடு மாறியதாக ஒரு போன், அதோடு சரி. பல மாதமாகக் காசும் இல்லை, குரலும் இல்லை.

தகப்பன் தோட்டத்து ஆள் இல்லை, டவுனில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர். கையில் காசு இருந்தால் கள்ளச்சாராயமான கசிப்பு, இல்லாவிட்டால் நல்ல மனிதர். இதை நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுகிறவர்தான், ஆனால் கிழமையில் எத்தனை நாள் வீட்டுக்கு வருவார் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. அதனால் சமைப்பது, தண்ணீர் தூக்குவது, சின்னவளைப் பிள்ளை மடுவத்தில் விடுவது எல்லாம் மூத்தவள். நடுவிலானுக்கு ஒன்பது வயது, தோட்டப் பாடசாலையில் நான்காம் ஆண்டு, அங்கே மதிய உணவு கிடைத்ததால் ஒரு நாளும் தவறாமல் போனான். அந்தப் பாடசாலை ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும், மலைநாட்டில் அப்படி நிறையப் பாடசாலை இருக்கிறது. ஆறாம் ஆண்டுக்கு டவுனுக்குப் போகவேண்டும், பஸ் காசு வேண்டும், சப்பாத்து வேண்டும். மூத்தவள் நின்றதும் அங்கேதான், திடீரென்று இல்லை, மழைக்கு ஒரு நாள், சின்னவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள், அப்படியே.

அம்மாயி, அதாவது தாயின் தாய், தோட்டத்தின் மேல் பிரிவில் மகன் வீட்டில் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, ஊழியர் சேமலாப நிதியை எடுத்து, அதை மகளின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் மகனின் கல்யாணக் கடனுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) படுத்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வாரம் ஒருமுறை மலை இறங்கி வருவார்.

எல்லாரும் சொன்ன வழி

தோட்ட நிர்வாகம், பொலிசின் சிறுவர், மகளிர் பணியகம், பக்கத்து வீட்டார், கோயில் தலைவர் என்று நான் பேசிய எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள், ஹோமில் போடுங்கள். தகப்பன் முதல் ஆளாகச் சம்மதித்தார். "ஹோம்ல போட்டா நல்லாப் படிப்பாங்கதானே மிஸ்." எங்கள் பக்கத்தில் ஹோம் என்பதைச் செலவில்லாத போர்டிங் ஸ்கூல் என்றே பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த சிறுவர் இல்லங்களில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைக்கு மருந்தாக நாங்கள் கொடுத்தது இல்லம்.

இந்த மூன்று பேரையும் போட்டால் என்ன நடக்கும்? மூத்தவள் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு, நடுவிலான் ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கு, சின்னவள் சிறு குழந்தைகளை எடுக்கிற இடத்துக்கு. மூன்று ஊர். பஸ் காசுக்கே கஷ்டப்படுகிற அம்மாயி மூன்று இடத்துக்கும் போய் வரவே முடியாது. சின்னவளுக்கு ஐந்து வயதாகும்போது அக்காவின் முகம் ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அதோடு, பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை, தாய் வெளிநாட்டில், தகப்பன் எந்தக் கடதாசியிலும் இல்லை என்றால் சில வருடத்தில் அவளைக் கைவிடப்பட்ட பிள்ளையாக யாராவது எழுதிவிடுவார்கள். அப்புறம் தத்துக் கொடுக்கும் பேச்சு வரும். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹோம் சுலபம். ஓர் அறிக்கை, ஓர் உத்தரவு, ஒரு வாகனம், கோப்பு மூடியாயிற்று. யாரும் ஏன் போட்டாய் என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் விட்டு ஏதாவது நடந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். புதிதாக வருகிற உத்தியோகத்தர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

அத்தை

இந்த வழக்கில் முடிவெடுத்த ஆள் யார் என்று கேட்டால் நீதவான் என்று கோப்பு சொல்லும். நான் சொல்வேன், பிள்ளைகளின் அத்தை, அதாவது மாமாவின் மனைவி.

பிள்ளைகளை மேல் பிரிவுக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் எல்லாரும் யோசித்தோம். மாமா தலையாட்டினார். அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ரொட்டி தட்டத் தொடங்கினார். தலையாட்டுகிற ஆளை நம்பி அறிக்கை எழுதினால் ஆறு மாதத்தில் பிள்ளை ரோட்டில் நிற்கும், சமைக்கிற ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரியவேண்டும். அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே பேசினார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, ஏற்கெனவே ஐந்து பேர், தன் மகனுக்குப் பதினேழு வயது, மூத்தவள் வயசுக்கு வந்த பிள்ளை. "நாளைக்கி ஏதாச்சும் ஒன்னுன்னா மிஸ் வந்து பாக்க மாட்டீங்க. என்னயதான் ஊரு பேசும்." அன்றைக்கு 2013 கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளத்தின் அடிப்படை 450 ரூபா, வரவுப்படி எல்லாம் சேர்த்து 620. வரவு குறைந்தால் அந்தப் படியும் இல்லை. இரண்டு பேர் சம்பளத்தில் எட்டுப் பேருக்கு மா வாங்கிப் பாருங்கள் மிஸ் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிழை இல்லை. கல் மனசு என்று அவரைப் பற்றிப் பேசினவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழியைச் சொன்னதும் அவர்தான். பிள்ளைகள் மேலே வருவதற்குப் பதிலாக அம்மாயி கீழே போகட்டுமே. மாமியாரை இஸ்தோப்பிலிருந்து அனுப்புகிற சந்தோஷமும் அதில் இருந்திருக்கலாம், எனக்கென்ன. யோசனை நல்ல யோசனை. பிள்ளைகளுக்கு லயமும் மாறாது, பாடசாலையும் மாறாது, பிள்ளை மடுவமும் பக்கத்தில். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மேலே வந்து சாப்பிடலாம் என்று அத்தையே சொன்னார்.

ஆனால் காம்பிரா? அது தோட்டத்தின் சொத்து. தாயின் பேர் செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பேர்ப் பதிவில் இல்லை, தகப்பன் வெளியாள், அம்மாயி ஓய்வு பெற்றவர். அந்த வீட்டிலிருந்து யாரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகாததால் காம்பிராவைத் திருப்பிக் கேட்க நிர்வாகம் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தது. தோட்ட மனேஜரான துரையைப் பார்க்கப் போனபோது தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது என்பதையெல்லாம் அங்கே பேசிப் பயனில்லை. துரைக்கு வேண்டியது கொழுந்து எடுக்கக் கை. அம்மாயி கைக்காசுக்கு (பேர் பதியாமல் அன்றாடக் கூலிக்கு) வருவார், மாமாவின் மகன் பதினெட்டு ஆனதும் அந்த வீட்டிலிருந்து பேர் பதிவான் என்று பேசி முடிந்தது. எழுத்தில் ஒன்றும் தரமாட்டேன் என்றார். நான் ஒப்பீசுக்குத் திரும்பி, பேசியதை அப்படியே ஒரு கடிதமாக எழுதி, பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் போட்டு அனுப்பினேன். மறுத்து எழுதவில்லை. அதுவே எங்களுக்குப் போதுமான எழுத்தாக இருந்தது.

நீதிமன்றம்

மலைநாட்டில் தனியாகச் சிறுவர் நீதிமன்றம் கிடையாது, நீதவான்தான் இந்த வழக்குகளையும் கேட்பார். பாவிக்கிற சட்டம் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம். பழைய சட்டம் என்று எல்லாரும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளை விஷயத்தில் அது நான்கு வழி கொடுக்கிறது. பிள்ளைகளைத் தங்கவைக்கிற, அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைக்கு அனுப்பலாம், உறவினரோ இல்லையோ தகுந்த ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம், பெற்றவரிடம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று பிணைமுறி வாங்கலாம், அல்லது மூன்று வருடத்துக்கு மேற்படாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். இரண்டாவது வழி சட்டத்தில் அத்தனை வருடமாக இருக்கிறது, எங்கள் அறிக்கைகளில்தான் அபூர்வமாக வரும்.

அறிக்கையைச் சிங்களத்தில் எழுதவேண்டும். அம்மாயி சொன்னது, மூத்தவள் சொன்னது எல்லாவற்றையும் நான் சிங்களத்தில் எழுத, நீதிமன்றத்தில் வாசித்ததை மொழிபெயர்ப்பாளர் திரும்பத் தமிழில் சொல்ல, அம்மாயிக்கு அது தன்னைப் பற்றியது என்றே விளங்கவில்லை. கட்டியிருந்தது கோயிலுக்குக் கட்டுகிற சேலை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "கோட்டுக்கு வாற அளவுக்கு நா என்னா தப்புப் பண்ணேன் மிஸ்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் தப்புச் செய்யவில்லை, பிள்ளைகளை உங்கள் பேரில் எழுதப்போகிறார்கள் என்றேன். காணி எழுதுகிற மாதிரியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதைவிட நல்ல விளக்கம் இப்போதும் எனக்குத் தெரியாது.

நீதவான் கேட்ட கேள்வி நியாயமானது. இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால்? அதற்குத்தான் அத்தையை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். எழுந்து நின்று, "நா பாத்துக்கிறேன் ஐயா, ஆனா என் வீட்ல இல்ல, அந்த வீட்ல போயி பாத்துக்கிறேன்" என்றார். நீதவான் சிரித்துவிட்டார். மூன்று பிள்ளைகளையும் அம்மாயியிடம் ஒப்படைத்து, என் மேற்பார்வையில் வைத்து, தகப்பனிடம் பிணைமுறியும் வாங்கி உத்தரவு வந்தது.

தரகரும் வயதும்

தரகர் பெண்ணுக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. பிள்ளையை இன்னும் கொண்டுபோகவில்லையே, எதை வைத்து வழக்குப் போடுவது என்றார்கள். பொலிஸ் கூப்பிட்டு எச்சரித்து, பிறப்புச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தது. அதில் பிறந்த வருடத்தின் கடைசி இலக்கத்தில் பேனை பட்டிருந்தது. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுத்து, மூலத்தைக் கோப்பில் வைத்தோம். பிரதி எடுக்க ஆனது சொற்பக் காசு. அந்தத் துண்டு கையில் இல்லாவிட்டால் கொழும்பில் எந்த வீட்டிலும் அவளுக்குப் பதினெட்டு வயது.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. கட்டாயக் கல்வி வயது அப்போது 5 முதல் 14 வரை, 1998 ஜனவரியிலிருந்து அப்படித்தான். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 14. அதாவது பதினான்காவது பிறந்தநாளுக்கு மறுநாள் அவளைப் பாடசாலைக்குப் போ என்று சொல்லவும் வேலைக்குப் போகாதே என்று சொல்லவும் சட்டத்தில் பிடி இல்லை. இது தரகருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். போனால் போகிறது, இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று அவர் லயத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாடசாலை வயது 16 ஆனது 2016இல், வேலை வயது 16 ஆனது 2021இல். அந்த 2021 ஜூலையில்தான் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆகவே இலக்கத்தைக் கூட்டினால் போதும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இலக்கம் இல்லாத காலத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் அது கையில் இருப்பது பெரிய விஷயம்.

இன்னொன்று. மூத்தவளுக்கே போக விருப்பம். இதை எழுதாமல் விடுகிற அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், பிள்ளை எப்போதும் அழுதுகொண்டு மீட்கப்படக் காத்திருப்பது போல. இவள் அழவில்லை. மாதம் எட்டாயிரம் தருவார்களாம், ஆறு மாதத்தில் அம்மாவின் கடன் தீர்ந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். கடன் எவ்வளவு, யாரிடம் என்று தோண்டிக்கொண்டு போனால், தாய் போவதற்கு வட்டிக்கு வாங்கியது ஒரு பக்கம், தகப்பன் தரகரிடம் வாங்கிய பதினைந்தாயிரம் மறு பக்கம். பை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். அட்வான்ஸ் வாங்கிவிட்டோம், போகாவிட்டால் அப்பாவை அடிப்பார்கள் என்று அவள் நம்பினாள். படிப்பின் அருமையைப் பற்றி அந்தப் பிள்ளைக்குப் பேசி என்ன ஆகப்போகிறது? பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், நல்ல மனிதர், தரகரையும் தகப்பனையும் ஒன்றாக உட்கார வைத்து, பிள்ளையை வைத்துக் கொடுத்த காசுக்குக் கடன் என்று பேர் இல்லை, கேட்டு ஆள் அனுப்பினால் உள்ளே போடுவேன் என்று சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் சொன்னார். மூத்தவளும் அங்கே நின்று கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனாள். என் பேச்சில் நடக்காதது அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது.

பதினான்கு தாண்டிய பிறகு அவளைப் பாடசாலையில் வைத்திருந்தது சின்னச் சின்ன ஏற்பாடுகள்: பஸ் சீசன் டிக்கெட், அதிபர் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த சப்பாத்து, பிள்ளை மடுவத்து அக்கா சின்னவளைப் பின்னேரம் வரை வைத்துக்கொண்டது.

சின்னவளின் பதிவு

இதற்குத்தான் அதிகக் காலம் போனது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்றால் துரை மூலமாக மாவட்டப் பதிவாளருக்கு அறிவித்தல் போகவேண்டும், அந்த நேரம் யாரோ யாரோ மாறியதில் போகவில்லை. பெற்றவர்களின் கல்யாணம் பதியப்படவில்லை, கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பதியாத கல்யாணத்தில் தகப்பன் பேர் போடவேண்டுமென்றால் தாயும் தகப்பனும் இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் இடவேண்டும். தகப்பன் டவுனில், தாய் எங்கே என்றே தெரியாது. தகப்பன் பேர் இல்லாமலே பதியலாமே, கெதியாக முடியும் என்றார்கள். பாடசாலையில் மற்ற இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன் பேரும் சின்னவளுக்கு மட்டும் வெறுங்கோடும் இருந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், அம்மாயிக்கும் தெரியும். காத்திருப்போம் என்றோம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுதி, அங்கிருந்து தூதரகத்துக்குப் போய், தாயைக் கண்டுபிடித்தார்கள். உயிரோடுதான் இருந்தார், சம்பளம் பல மாதம் கொடுக்காமல், போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். தூதரகத்தில் வைத்து அவர் போட்ட கையொப்பம் வந்து சேர்ந்த பிறகு, கிளினிக் அட்டை, பிள்ளை மடுவத்துப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், அண்ணன் அக்காவின் சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்துக் காலம் கடந்த பதிவுக்குக் கொடுத்தோம். முதலாம் ஆண்டு சேர்க்கிற நேரத்துக்குப் பத்திரம் வந்தது.

இதற்கிடையில் ஒரே வீட்டுக்கு மூன்று உத்தியோகத்தர்கள் போய் வந்தோம். நான் மாகாண சபையின் ஆள், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் ஆள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர் வேறு. மூன்று பேரிடமும் மூன்று படிவம், கேள்வி ஒன்றேதான். ஒரு கட்டத்தில் அம்மாயி எங்களுக்காக ஒரு கொப்பி வைத்துக்கொண்டார், நடுவிலான் அதில் விடைகளை எழுதி வைத்திருப்பான், நாங்கள் பார்த்து எழுதிக்கொள்வோம். அது நல்ல முறை, பிறகு நான் வேறு குடும்பங்களிலும் செய்யச் சொன்னேன்.

பிறகு

தாய் திரும்பி வந்தபோது உத்தரவு முடிய இன்னும் சில மாதம் இருந்தது. சின்னவள் அவரிடம் போக மறுத்தாள். அம்மாயிக்கும் மகளுக்கும் பெரிய சண்டை, என் பிள்ளைகளைக் கோட்டில் எழுதி வாங்கிவிட்டாய் என்று. அந்தச் சில மாதம்தான் முழு வழக்கிலும் மோசமான காலம் என்பேன், ஆனால் எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை, பெற்றோருடன் மீள இணைக்கப்பட்டனர் என்று எழுதக் கட்டம் தயாராக இருந்தது. தாய் அந்த வீட்டிலேயே இருந்து தோட்டத்தில் பேர் பதிந்தார், காம்பிராப் பிரச்சினை தீர்ந்தது. அம்மாயி கடைசி வரை கீழேதான் இருந்தார். மேலே போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மூத்தவள் சாதாரண தரம் எழுதினாள், கணிதம் போனது, திரும்ப எழுதிப் பிடித்தாள், இப்போது டவுனில் மருந்துக்கடையில் வேலை, கல்யாணமாகி ஒரு பிள்ளை. நடுவிலான் பதினேழில் கொழும்புக்குப் போய்விட்டான், புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறான். அவனைக் கொழும்புக்கு அனுப்ப யாரும் தடை சொல்லவில்லை, கூட்டிப்போன ஆளை யாரும் தரகர் என்று சொல்லவும் இல்லை. ஆண்பிள்ளை கடைக்குப் போவது எங்கள் ஊரில் வழக்கு இல்லை, வழக்கம். காசு அனுப்புகிறான், தீபாவளிக்கு வருகிறான், மெலிந்திருக்கிறான்.

சின்னவளுக்கு அடையாள அட்டை எடுக்கிற வயது வந்துவிட்டது. விண்ணப்பத்தோடு போனவளிடம், பிறப்புப் பதிவில் தகப்பன் பேரில் ஓர் எழுத்து வேறுபடுகிறது, திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். எந்தப் படிவம், யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டுப் போன கிழமை போன் பண்ணினாள். சொன்னேன். தகப்பனையும் கூட்டிப் போகவேண்டியிருக்கும் என்றதும், அவர் இப்போது குடிப்பதில்லை மிஸ், காலையிலேயே கூட்டிப் போய்விடுகிறேன் என்றாள்.